கையை ஆட்டிப் பேசினால் கே-வா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கே ஆண், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், முன்பின் தெரியாதவர்கள் என்று பல வருடமாக ஒரே பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். சில கேள்விகள் மரியாதையாக வந்தவை, சில அப்படி வராதவை. வந்தபடியே போட்டிருக்கிறேன்.

கே என்றால் பொம்பளை மாதிரி நடந்துகொள்கிற ஆண்தானே?

இல்லை. ஆண்மேல் காதலும் ஈர்ப்பும் வருகிற ஆண், அவ்வளவுதான். யார்மேல் மனசு போகிறது என்பது ஒன்று. எப்படி நடக்கிறோம், பேசுகிறோம், உடுத்துகிறோம் என்பது வேறொன்று. உள்ளுக்குள் தன்னை ஆணாக உணர்கிறோமா பெண்ணாக உணர்கிறோமா என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம். திருநங்கை ஒரு பெண், பிறந்தபோது பார்த்தவர்கள் ஆண் என்று எழுதிவிட்டார்கள். நான் ஆண், அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் எப்போதும் மற்றவர்களுக்குத்தான் வந்தது.

ஓரினச்சேர்க்கையாளர் என்று சொல்லலாமா?

எனக்குப் பிடிக்காது. ‘சேர்க்கை’ என்றதும் கேட்பவர் நேராகப் படுக்கையறைக்குப் போய்விடுகிறார். உங்கள் அப்பா அம்மாவை ‘ஈரினச்சேர்க்கையாளர்கள்’ என்று யாராவது அறிமுகம் செய்துவைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. தன்பாலீர்ப்பு நல்ல சொல், பேச்சில் கே என்றாலே போதும். ஒரு சின்னத் தகவல்: ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல் அச்சில் வந்ததே 1869-ல்தான். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் ஜெர்மன் மொழியில் எழுதிய பிரசுரத்தில் அது வருகிறது. ஆணை ஆண் விரும்புவது எவ்வளவோ பழையது, ஆனால் அப்படி விரும்புகிறவர்களைத் தனி வகையாகப் பிரித்து ஒட்டிய இந்தச் சீட்டு ரயில் வண்டியைவிடப் புதியது.

உண்மையைச் சொல்லுங்கள், உங்களில் நிறையப் பேர் கொஞ்சம் நளினமாகத்தானே இருக்கிறீர்கள்?

சொல்கிறேன். இதைக் கேட்டதும் எங்களில் பலர் ‘அதெல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரேயடியாக மறுத்துவிடுவார்கள். நான் மறுக்க மாட்டேன். பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்ட பல ஆய்வுகளை மைக்கேல் பெய்லி, கென்னத் ஸக்கர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். முரட்டு விளையாட்டில் ஆர்வமில்லாமல், பெண் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடியதாக நினைவுகூர்ந்தவர்கள் கே ஆண்களிடையே, சராசரியாகப் பார்த்தால், கூடுதலாகவே இருந்தார்கள். சராசரி என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மரத்தில் ஏறி முழங்காலை உடைத்துக்கொண்டு வளர்ந்த கே ஆண்களும் ஏராளம், சொப்பு வைத்து விளையாடி வளர்ந்து இன்று மனைவி பிள்ளைகளோடு இருக்கும் ஆண்களும் ஏராளம்.

இன்னொன்று, உங்கள் கணக்கில் வருவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மட்டும்தான். கட்டைக்குரலில் பேசிக்கொண்டு தன்னைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாமல் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இதற்கெல்லாம் மேல், நளினமாகவே இருந்தாலும்தான் என்ன? ‘ஐயோ, நாங்கள் அப்படி இல்லை’ என்று பதறி மறுக்கும்போதே அப்படி இருப்பது ஒரு குறை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எனக்குப் பேசும்போது கை ஆடும். பன்னிரண்டு வயதில் ஒரு ஆசிரியர் வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி அதைச் செய்து காட்டினார். அன்றிலிருந்து பல வருடம் கையைப் பையில் விட்டுக்கொண்டே பேசினேன். வெயிலிலும் பை வைத்த தடித்த கால்சட்டைதான். அந்த வயதில் எனக்கு யார்மேலும் எந்த ஈர்ப்பும் வந்திருக்கவில்லை, அதாவது கே என்று எனக்கே தெரியாத காலத்தில் கைக்குத் தண்டனை கிடைத்துவிட்டது.

ஆண் என்றால் இப்படித்தான் என்பது இயற்கைதானே?

இயற்கை என்றால் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? உயரமான குதிகால் வைத்த செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் கால் நழுவாமல் இருக்கப் பாரசீகக் குதிரைவீரர்கள் போட்டது அது. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிரான்சின் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலோடு ஓவியத்துக்கு நின்றார். அன்றைக்கு அதுதான் கம்பீரம். இளஞ்சிவப்பு நிறமும் அப்படியே: 1918-ல் அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்கான ஓர் இதழ், இளஞ்சிவப்பு அழுத்தமான நிறம் என்பதால் ஆண் பிள்ளைக்கு, நீலம் மென்மையானது என்பதால் பெண் பிள்ளைக்கு என்று எழுதியது. காரணம் சொல்வதில் மட்டும் மனிதர்களுக்குக் குறையே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது செருப்பும் நிறமும் இல்லை, தொடுதல்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புகைப்படங்களில் ஆண் நண்பர்கள் தோளில் சாய்ந்தும் கைகோர்த்தும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தும் சாதாரணமாக இருப்பார்கள். அதே நாட்டில் 2005-ல் அதிபர் புஷ் சவுதி இளவரசர் அப்துல்லாவின் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போன படம் வந்தபோது கேலி பறந்தது. இளவரசருக்கு அது வெறும் மரியாதை, நட்பு. நூற்றுச் சொச்சம் வருடத்தில் ஒரு கைப்பிடிக்கு அர்த்தமே மாறிவிட்டது. ‘கே’ என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயராக ஆன பிறகு, அந்தப் பெயர் தன்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஆண்கள் ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள் என்பது என் கருத்து.

ஆண்கள் ஏன் எதையாவது நிரூபித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

ஒருமுறை தேர்வானால் முடிந்துவிடாத தேர்வு அது என்பதால். ஜோசப் வான்டெல்லோ, ஜெனிஃபர் பாஸன் என்ற உளவியலாளர்கள் 2008-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், ‘நிலையில்லாத ஆண்மை’ என்கிற பொருளில். பெண் பெரியவளாவது தானாக நடப்பதாகப் பார்க்கப்படுகிறது, ஆண் ‘ஆம்பளை’ ஆவதோ சம்பாதிக்க வேண்டியது, கொஞ்சம் அசந்தால் பறிபோவது. அடுத்த வருடம் அந்தக் குழு நடத்திய ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில ஆண்களைப் பொம்மைத் தலையில் முடி பின்னச் சொன்னார்கள், சிலரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். விரலுக்கு இரண்டும் ஒரே வேலைதான். அப்புறம் ஒன்று புதிரை விடுவிக்கலாம், இல்லை குத்துப்பையைக் குத்தலாம் என்று விட்டபோது, முடி பின்னியவர்கள்தான் குத்துவதை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கொஞ்ச நேரம் சடை பின்னியதற்கே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது!

தமிழில் இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. ‘ஆண்மை’ என்ற ஒரே சொல் வீரத்துக்கும், பிள்ளை பெறும் திறனுக்கும், மீசை முறுக்கும் தோரணைக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. ஒன்றில் குறை என்றால் மூன்றிலும் குறை என்று ஆகிவிடுகிறது.

நான் கே இல்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?

நீங்கள்தான் இதற்கு அதிகம் விலை கொடுக்கிறீர்கள், எண்ணிக்கையில். சி. ஜே. பாஸ்கோ என்ற சமூகவியலாளர் கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பையன்களோடு நீண்ட நாள் இருந்து கவனித்து 2007-ல் எழுதினார். கே ஆண்களை இழிவாகச் சொல்லும் அந்த வசைச்சொல்லை அங்கே பையன்கள் பெரும்பாலும் ஒருவர்மேல் ஒருவர்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். கே பையன்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தன்மேல் ஒட்டியதை அடுத்தவன் சட்டையில் துடைத்துவிடுகிற மாதிரி, நாள் முழுக்க. நடனம் ஆடினால், அழுதால், எதையாவது சொதப்பினால், உடனே அந்தப் பெயர்.

அந்தப் பையன்கள்தான் வளர்ந்து, நெஞ்சு வலித்தாலும் மருத்துவரிடம் போகாத அப்பாக்களாக, மனைவி இறந்தபின் யாரோடும் பேசத் தெரியாத தாத்தாக்களாக ஆகிறார்கள். உலக அளவில் தற்கொலையால் இறக்கும் விகிதம் ஆண்களிடம் பெண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பல காரணம் உண்டு, ஆனால் உதவி கேட்பதையே தோல்வியாக நினைக்கும்படி வளர்க்கப்பட்டதும் அதில் ஒன்று.

உங்கள் இரண்டு பேரில் யார் ஆண், யார் பெண்?

இரண்டு பேரும் ஆண். அதுதானே விஷயமே.

கேட்பவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் கேள்விக்கு வயது ரொம்ப அதிகம். பழைய ரோமில் சுதந்திரக் குடிமகன் ஒருவன் ஆண் அடிமையோடு உறவு வைத்தால் அவன் மானம் போகாது, ‘பெண்ணின் இடத்தில்’ இருந்தான் என்று பேச்சு வந்தால்தான் போகும். ஆக அன்றைக்கும் அவமானம் ஆணை விரும்பியதில் இல்லை, பெண்ணைப்போல் ஆனதில். இன்று எங்கள்மேல் வந்து விழும் வசைகளைத் திறந்து பாருங்கள், உள்ளே முக்கால்வாசி பெண்ணை இழிவாக நினைப்பதுதான் இருக்கும். ‘பொட்டை’ என்பது ஏன் திட்டு? பெட்டையாக இருப்பதில் என்ன கேவலம்?

வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டால், பசி முதலில் வருபவர். யார் அழுவது என்றால், என் துணைவர். கரப்பான்பூச்சி அடிப்பதும் அவரே.

பார்த்தால் தெரியவே இல்லையே, நீங்கள் நல்லாத்தானே இருக்கிறீர்கள்?

பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறீர்கள், தெரியும். ரொம்ப நாள் நானும் அதைப் பாராட்டாகத்தான் வாங்கிக்கொண்டேன். உண்மையில் அது எனக்குக் கிடைத்த மதிப்பெண், தேர்வு வைத்தவர் நீங்கள். ‘தெரியாமல்’ இருப்பதற்கு நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது: நடை, கால்மேல் கால் போடும் விதம், சிரிப்பின் சத்தம், தொலைபேசியில் குரல், ஒரு கூட்டத்துக்குள் நுழையும்போது இத்தனையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை.

கே ஆண்களுக்குள் இந்தப் பாகுபாடு இல்லையா?

இருக்கிறது, நன்றாகவே. துணை தேடும் செயலிகளில் ‘நளினமானவர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்’, ‘பெண்ணை விரும்பும் ஆண் மாதிரி இருப்பவர் மட்டும்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் எங்கள் ஆட்கள்தான். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது அவரவர் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த வரியில் இருப்பது விருப்பம் மட்டும் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். பள்ளியில் வாங்கிய அடியை நம்மைவிடச் சற்று நளினமானவன்மேல் இறக்கி வைக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், 1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் கே ஆண்கள் அடர்ந்த மீசை, கட்டம் போட்ட சட்டை, இறுக்கமான ஜீன்ஸ், கட்டுடல் என்று கூலித்தொழிலாளி தோரணையில் சுற்றினார்கள். கொஞ்ச நாளில் அந்த ஊரில் அப்படி மீசை வைத்தவரைப் பார்த்தால் ‘ஓ, கே போல’ என்று நினைக்கிற நிலை வந்துவிட்டது. மீசையை நம்பி இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

விளையாட்டு, ராணுவம் போன்ற இடங்களில் கே ஆண்கள் தாக்குப்பிடிப்பார்களா?

கிரேக்கத்தின் தீப்ஸ் நகரத்தில் 150 காதல் ஜோடிகளை வைத்து 300 வீரர்கள் கொண்ட ஒரு படை இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கி.மு. 371-ல் லியூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. வேல்ஸ் ரக்பி அணிக்கு 100 ஆட்டம் ஆடிய கேரத் தாமஸ் 2009-ல் வெளிப்படையாகச் சொன்னார். கணினி அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஆலன் டூரிங் 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடியவர். அவரை 1952-ல் ஆணோடு உறவு வைத்த குற்றத்துக்குத் தண்டித்து, ஆசையை அடக்கவென்று ஹார்மோன் கொடுத்தார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலை நீட்ட எனக்கு ஆசையில்லை. ‘பாருங்கள், நாங்களும் வீரர்கள்தான்’ என்று காட்டுவதும் அதே தேர்வுக்கு மறுபடி போய் உட்காருவதுதான். எனக்குப் பிடித்தவர் பிரிட்டனின் கே வீரர் டாம் டேலி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரில் பாயும் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அப்புறம் எந்தக் குத்துப்பையையும் தேடிப் போகவில்லை.

அம்மா செல்லம் கொடுத்ததால், அப்பா கண்டிப்பாக இல்லாததால் வருகிறதா?

இதைக் கேட்டு எத்தனையோ அம்மாக்கள் அழுதிருப்பார்கள். இல்லை. 2019-ல் ஏறக்குறைய 4,77,000 பேரின் மரபணுக்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, இதற்கென்று தனியாக ஒரே ஒரு மரபணு கிடையாது, சின்னச் சின்னப் பாதிப்புள்ள பல மரபணுக்களும் மற்ற பலவும் சேர்ந்தே இது அமைகிறது என்று காட்டியது. உடன்பிறந்த அண்ணன்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சாத்தியம் சற்றுக் கூடுகிறது என்பது பல இடங்களில் பார்க்கப்பட்ட விஷயம், தாயின் உடலில் கர்ப்பகாலத்தில் நடப்பதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். செல்லத்துக்கு அதில் இடமில்லை.

நோய் இல்லை என்று யார் சொன்னது? மாற்ற முடியாதா?

1957-ல் ஈவ்லின் ஹுக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 30 கே ஆண்கள், 30 மற்ற ஆண்கள் ஆகியோரின் உளவியல் சோதனை முடிவுகளைப் பெயர் மறைத்து நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும், 1990-ல் உலக சுகாதார நிறுவனமும் தங்கள் நோய்ப் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டன. மாற்ற முடியும் என்று ஆய்வு வெளியிட்ட மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்ஸர் 2012-ல் அது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மாற்றிக் காட்டுகிறோம் என்று பல வருடம் நடத்திய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2013-ல் மன்னிப்புக் கேட்டுக் கதவை மூடியது. மாற்றுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமே?

யாருக்கு? அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா? மருந்தாகப் போய் நிற்க அவள் என்ன பாவம் செய்தாள்?

இது வெளிநாட்டில் இருந்து வந்த பழக்கம்தானே?

எல்லா நாட்டுக்காரர்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் நகைச்சுவை. ஒருகாலத்தில் ஜெர்மானியர்கள் இதற்கு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரப் பெயரையே வசையாக வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ‘ஜெர்மன் தீயொழுக்கம்’ என்றார்கள். நிஜமாக நாடு விட்டு நாடு போனது சட்டம்தான். இன்றும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது குற்றம், அவற்றில் பல பிரிட்டிஷ் ஆட்சி எழுதி வைத்துவிட்டுப் போன பிரிவுகளை வைத்திருப்பவை. எழுதியவர்கள் இங்கிலாந்தில் 1967-லேயே அதைத் தளர்த்திவிட்டார்கள்.

என் மகன் கொஞ்சம் நளினமாக நடக்கிறான். என்ன செய்வது?

நடையை ஒன்றும் செய்ய வேண்டாம். அவன் கே-வா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, ஒருவேளை அவனுக்கே இன்னும் தெரியாது, துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஆனால் திரையில் அப்படி ஒரு பாத்திரம் வரும்போது நீங்கள் சிரிக்கிறீர்களா, ‘சீ’ என்கிறீர்களா, முகத்தைத் திருப்புகிறீர்களா என்பதை அவன் குறித்துவைத்துக்கொண்டிருப்பான். நான் குறித்துவைத்திருந்தேன். பதின்வயதில் என் வீட்டில் யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற பட்டியல் என் தலையில் தயாராக இருந்தது, அதில் அப்பா பெயர் இல்லை. அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை, வேறு யாரையோ பார்த்துத்தான் சிரித்தார்.

வெளியே மற்றவர்கள் கேலி செய்தால் மட்டும் ‘நீ கொஞ்சம் ஆம்பளையா இரு’ என்று அவனிடம் வராதீர்கள். கேலி செய்தவரிடம் போங்கள்.

நண்பன் என்னிடம் சொல்லிவிட்டான். என்ன பேசுவது?

‘சரிடா’ என்று சொல்லிவிட்டு, முன்பு எதைப் பேசிக்கொண்டிருந்தீர்களோ அதையே பேசுங்கள். தோளில் கை போடும் வழக்கம் இருந்தால் போடுங்கள், அன்றைக்கு மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதை அவன் கவனிப்பான். ‘எனக்கு அப்பவே தெரியும்’ வேண்டாம். அவனைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொல்லவும் வேண்டாம். உங்கள்மேல் அவனுக்கு ஆசை என்று பயந்தால், கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் இயல்பாக இருக்கிறீர்களா?

பெரும்பாலும். கை மறுபடி ஆடுகிறது, வீட்டில் கண்ணாடிக் குவளை இரண்டு உடைந்துமிருக்கிறது. போன மாதம் ஒரு நண்பரின் பிறந்தநாள் காணொளியில் நான் பேசும் இடம் வந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்ன பேசினேன் என்பதைக் கேட்காமல், முதலில் கையைத்தான் பார்த்தேன்.